சரவுண்ட் ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹோம் தியேட்டர் வாங்கியவர்களில் பலர், முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு டிவியின் இருபுறமும் அளந்து இடம் ஒதுக்கிவிட்டு, மழை, கூட்டம் போன்ற சுற்றுப்புற ஒலிகளைத் தரும் மீதமுள்ள இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்களை எங்கே ஆணி இருக்கிறதோ, எந்த அலமாரியின் மேல்தட்டு காலியாக இருக்கிறதோ அங்கே ஏற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 11 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட எங்கள் கூடத்தின் பின்சுவரில், இரண்டு மூலைகளிலும், கூரைக்கு ஒரு சாண் கீழே அவற்றை மாட்டினேன். படத்தில் மழை பெய்யும்போது அது எங்களைச் சுற்றிப் பெய்யவில்லை. முதுகுக்குப் பின்னால், உயரத்தில், இரண்டு மூலைகளில் மட்டும் கொட்டியது. ஸ்பீக்கரில் குறை இருக்கிறது என்று சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அதே ஸ்பீக்கர்களை இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து, சோபாவின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான், குறை இடத்தில் இருந்தது என்று புரிந்தது.

வானொலியில் படம் வரைந்து காட்ட முடியாது. ஆகவே ஒரு கடிகாரத்தை மனத்தில் கொள்ளுங்கள். முட்கள் சேரும் மையத்தில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். டிவி 12 மணியில் இருக்கிறது. முன்பக்க இடது ஸ்பீக்கருக்கு 11 மணி, வலது ஸ்பீக்கருக்கு 1 மணி. அதாவது நடுக்கோட்டிலிருந்து 30 பாகை. சரவுண்ட் ஸ்பீக்கர்கள் நிற்க வேண்டியது 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒன்று, 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் மற்றொன்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5.1 ஒலியமைப்புக்கு, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் கீழ்ச்சுருதிக்கு ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்புக்கு, வகுத்த பரிந்துரை இதை 100 முதல் 120 பாகை என்கிறது. டால்பி நிறுவனத்தின் வழிகாட்டி 90 முதல் 110 பாகை என்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம், காதுக்கு நேர்ப் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால். 4 மணியையும் தாண்டிய பின்மூலைகள், கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர்கள் உள்ள 7.1 அமைப்பின் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு உரியவை; 5.1 வைத்திருப்பவர் அங்கே போகத் தேவையில்லை.

ஏன் இந்த இடம் என்பதற்கு நம் காதே காரணம். நேர் முன்னால் வரும் ஒலியில் ஏறத்தாழ ஒரு பாகை விலகலைக்கூட நாம் உணர்ந்துவிடுவோம். பக்கவாட்டில் அந்தக் கூர்மை வெகுவாக மழுங்குகிறது. நேர் பின்னால் வரும் ஒலியோ, இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் எட்டுவதால், சில வேளைகளில் முன்னால் இருந்து வருவதாகவே தோன்றிவிடும். திரையில் காணும் காட்சியைக் குலைக்காமல், அதே சமயம் நாம் அந்தக் காட்சிக்குள் இருக்கிறோம் என்ற உணர்வைத் தருவதற்கு, பக்கவாட்டில் சிறிது பின்வாங்கிய இடமே பொருந்துகிறது. மூலையில் மாட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. இரு சுவர்களும் கூரையும் சேருமிடத்தில் கீழ்ச்சுருதி ஒலிகள் பெருகி, சிறிய ஸ்பீக்கரும் பானைக்குள்ளிருந்து பேசுவதைப் போல முழங்கத் தொடங்கும்.

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் சோபாதான். பின்சுவரோடு ஒட்டிப் போடப்பட்ட சோபாவுக்குப் பின்னால் ஸ்பீக்கருக்கு இடமே இருக்காது. சோபாவை ஓர் அடியோ ஒன்றரை அடியோ முன்னால் இழுக்க முடிந்தால், அதைவிடச் சிறந்த செலவில்லாத மேம்பாடு வேறில்லை என்பேன். பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி காதருகே மோதுவதும் அதனால் குறையும். இழுக்க முடியாத வீட்டில், ஸ்பீக்கர்களைச் சரியாக 3 மணிக்கும் 9 மணிக்கும், பக்கச் சுவர்களை ஒட்டி நிறுத்துங்கள். தலைக்கு மேலே பின்சுவரில் மாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

உயரத்தைப் பற்றி இருவகை அறிவுரைகளை நீங்கள் கேட்டிருக்கலாம். காது மட்டத்திலிருந்து 2 அல்லது 3 அடி உயர்த்தி வைக்கச் சொல்வது பழைய வழக்கம். 2012-இல் அறிமுகமான டால்பி அட்மாஸ் என்ற ஒலியமைப்பில் மேலிருந்து வரும் ஒலிக்குத் தனி ஸ்பீக்கர்கள் உள்ளதால், சுற்றியுள்ளவை காது மட்டத்துக்கு அருகில் இருந்தால்தான் மேல், கீழ் என்ற வேறுபாடு தெளிவாகும். இரண்டும் தத்தம் அமைப்புக்குச் சரியானவையே. உங்களிடம் 5.1 மட்டும் இருந்தால், சோபாவில் எத்தனை பேர் அமர்வார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதை எனக்குக் கற்பித்தவர் என் அம்மா. அவர் எப்போதும் சோபாவின் வலது ஓரத்தில்தான் அமர்வார். நான் ஸ்பீக்கரைக் காது மட்டத்துக்கு இறக்கியபோது, அது அவருக்கு இரண்டடி தூரத்தில் வந்துவிட்டது. நடுவில் அமர்ந்திருந்த எனக்கு எல்லாம் அற்புதமாகக் கேட்டது. அவருக்கோ வண்டிச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் வசனத்தை மூழ்கடித்தன. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும்; அறைக்குள் அவ்வளவு குறையாது என்றாலும், பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கர் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்பது உறுதி. அதே ஸ்பீக்கரை இரண்டடி உயர்த்தி, அதன் முகத்தை எதிர்ப்பக்கத்து இருக்கையை நோக்கிச் சற்றே திருப்பியதும், அம்மா வசனத்தைத் திருப்பிக் கேட்பது நின்றது. நடுவில் அமர்பவர் ஒருவருக்காக மட்டும் ஒலியை அமைப்பது குடும்பம் கூடியிருந்து பார்க்கும் வீட்டுக்கு நியாயமாகாது.

இத்தனை சோதனைகளையும் சுவரில் துளையிட்டுச் செய்ய முடியாது. அதனால்தான் முதலில் ஸ்டாண்ட் வேண்டும் என்கிறேன். சுவர்ப் பிடிமானம் இடத்தை மிச்சப்படுத்தும், குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பும்கூட; ஆனால் அதைப் பொருத்துவது எல்லாவற்றையும் கேட்டுத் தெளிந்த பிறகு இருக்கட்டும்.

ஸ்டாண்டின் உயரத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். உங்கள் சோபாவிடம் கேளுங்கள். மெத்தை அமுங்க இயல்பாக அமர்ந்து, தரையிலிருந்து காதுவரை அளக்கச் சொல்லுங்கள். அது 95 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் அடிப்பாகத்திலிருந்து, மேல்சுருதி ஒலியைத் தரும் சிறிய ட்வீட்டரின் நடுப்பகுதிவரை 20 சென்டிமீட்டர் என்றால், காது மட்டத்துக்கு 75 சென்டிமீட்டர் ஸ்டாண்ட் போதும். இரண்டடி உயர்த்த விரும்பினால் 135 வேண்டும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டே பலருக்கும் உகந்தது. ஸ்பீக்கரின் முதுகில் திருகுத் துளை இருக்கிறதா, அல்லது தட்டின் மேல் வைக்கத்தான் முடியுமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் கூடக் கூட அடித்தட்டின் அகலமும் கனமும் கூட வேண்டும். மெல்லிய குழாயும் தட்டையான சிறு அடித்தட்டும் கொண்ட ஸ்டாண்ட், ஓடிவரும் குழந்தையின் கால் வயரில் பட்டாலே சாய்ந்துவிடும். உறவினர் வீட்டில் அப்படி ஒன்று சாய்வதைக் கண்ணால் பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அன்றைய பதற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது. குழாய் உள்ளீடற்றதாக இருந்தால், நன்றாகக் காயவைத்த ஆற்றுமணலைப் பையில் கட்டிக் கீழ்ப்பாதியில் மட்டும் நிரப்புங்கள். முழுவதும் நிரப்பினால் கனம் மேலேயும் ஏறிவிடும். கடல்மணல் வேண்டாம், அதன் உப்பு இரும்பை அரிக்கும். மரத்தூள் பலகையால் ஆன அடித்தட்டு, நாள்தோறும் ஈரத்துணியால் தரை துடைக்கும் நம் வீடுகளில் சில ஆண்டுகளில் ஊதிப்போகும். இரும்புத் தகடோ கிரானைட் பலகையோ நீடிக்கும். வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயும் தகடும் கொடுத்து, அளவு சொல்லிச் செய்துகொள்வதும் நல்ல வழியே. ஸ்டாண்டோடு தரும் கூரிய முள் கால்கள் கம்பளத்துக்கு ஏற்றவை. மொசைக், டைல்ஸ் தரையில் அவை கீறும், ஆகவே ரப்பர் பாதங்களையே பொருத்துங்கள்.

வயர் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சாதாரணக் கூடத்துக்கு 16 கேஜ் செப்பு வயர் போதும். பிளஸ், மைனஸ் இரு முனையிலும் மாறாமல் இணைத்தால் சரி. வயர்லெஸ் சரவுண்ட் வாங்குவோர், அந்த ஸ்பீக்கருக்கும் அருகில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இறுதியாக, ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரோடு வரும் மைக்கை நீங்கள் அமரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து அளவீட்டை ஓடவிடுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. ஸ்பீக்கர்களின் தூரம் மாறுவதால் வரும் அந்தச் சிறு நேர வேறுபாட்டையும் ஒலியளவையும் ரிசீவரே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஸ்பீக்கர் தவறான கோணத்தில் இருந்தால் அதை எந்த அளவீடும் திருத்தாது. அளவீடு முடிந்ததும் ஸ்டாண்டின் அடித்தட்டு நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சிறு டேப் துண்டை ஒட்டிவையுங்கள். பொங்கலுக்கு வீடு கழுவும்போது எல்லாமே இடம் மாறும். கழுவி முடித்த மாலையில் ஸ்டாண்டை அந்த அடையாளத்தின் மேலேயே கொண்டுவந்து நிறுத்திவிடலாம்.

நன்றி, வணக்கம்.