ஊராட்சியின் கரண்ட் பில்லைக் குறைக்கப் பணம் எங்கிருந்து வரும்?

[திரையில்: ஊராட்சி அலுவலக மேசை. மேலே இ.பி. அட்டைகளின் அடுக்கு.]

வணக்கம். ஒரு கிராம ஊராட்சியின் கரண்ட் செலவு அலுவலக ஃபேனிலும் கம்ப்யூட்டரிலும் இல்லை. குடிநீர் மோட்டார், தெருவிளக்கு இந்த இரண்டில்தான் கிட்டத்தட்ட முழுவதும் போகிறது. அதனால் "சோலாருக்கு மானியம் உண்டா?" என்று கேட்பதற்கு முன், எந்த சர்வீஸ் நம்பரில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்தது 12 மாதக் கணக்கு வேண்டும். மீட்டர் ஓடாத தெருவிளக்கு சர்வீஸ் இருந்தால் முதலில் மீட்டரை மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். மீட்டர் இல்லாத இடத்தில் மிச்சத்தை நிரூபிக்க முடியாது. மிச்சத்தைக் காட்ட முடியாவிட்டால் கடன் தர வங்கியும் வராது, தன் செலவில் வேலை செய்து மிச்சத்திலிருந்து வசூலிக்கும் ஒப்பந்த நிறுவனமும் வராது.

[திரையில்: மைவாடியில் சுழலும் காற்றாலை.]

கணக்குப் போட்டு இறங்கினால் ஒரு சிற்றூராட்சி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை நல்ல சாட்சி. முதலில் மரத்துண்டுகளை எரிவாயுவாக்கி ஓடும் 9 கிலோவாட் இயந்திரத்தைக் குடிநீர் இறைக்க வைத்தார்கள். பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சி சேர்த்து வைத்த பணம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் ஏறி, ஊராட்சியின் கணக்கில் கழிகிறது. ஆண்டு உற்பத்தி சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம். மீதி விற்பனைக்கு.

எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்க வேண்டியதில்லை. விலை குறைந்த வேலை முதலில். அது பெரும்பாலும் மோட்டார்.

[திரையில்: மேல்நிலைத் தொட்டி, மோட்டார் அறை, மீட்டர்.]

மோட்டாரைச் சோதிக்க ஆய்வு நிறுவனம் தேவையில்லை. 1000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் ஏற்ற, இயற்பியல்படி 2.725 வாட்-மணி போதும். இதை மனதில் வையுங்கள். காலித் தொட்டியில் 10,000 லிட்டர் ஏறும்வரை ஓட்டி, மீட்டரில் முன்னும் பின்னும் உள்ள எண்ணைக் குறியுங்கள். அதோடு ஏற்ற உயரம் வேண்டும். மோட்டார் ஓடும்போது போர்வெல்லில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, தரையிலிருந்து தொட்டிக்குள் குழாய் விழும் இடம் எத்தனை மீட்டர், இவற்றோடு குழாய் உராய்வுக்குக் கொஞ்சம். மொத்தம் 80 மீட்டர் என்று வைப்போம். 10 × 80 × 2.725 என்றால் 2,180 வாட்-மணி, அதாவது 2.18 யூனிட். மீட்டர் 6 யூனிட் காட்டினால், அந்த மோட்டார்-பம்ப் செட்டின் திறன் 36 சதவீதம். 50 சதவீதத் திறனுள்ள செட் இதே வேலையை 4.4 யூனிட்டில் முடிக்கும்.

திறன் ஏன் விழுகிறது? எரிந்த கம்பிச்சுருளை மூன்று நான்கு முறை மாற்றிக் கட்டிய மோட்டார் ஒரு காரணம். இன்னொன்று, நீர்மட்டம் இறங்கிய பிறகும் பழைய ஆழத்துக்கு வாங்கிய பம்பையே ஓட்டுவது. அதன் எதிர்முனையும் உண்டு: "பெரிசா இருக்கட்டும்" என்று தேவைக்கு மேல் குதிரைத்திறன் வாங்கி, வால்வைப் பாதி மூடி ஓட்டுவது. தொட்டி நிரம்பி வழிவதைக் காட்டும் சென்சார் இல்லாத ஊரில் தண்ணீரோடு கரண்ட்டும் வழிகிறது. புது மோட்டார் டெண்டரில் குதிரைத்திறனை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதி, பொருத்திய பின் இதே சோதனையில் தேறினால்தான் பில் பாஸ் என்று சேருங்கள்.

[திரையில்: டியூப் லைட் கம்பம் எல்இடி கம்பமாக மாறுகிறது.]

தெருவிளக்குக் கணக்கு எளிது. 40 வாட் டியூப் லைட், செம்புச் சோக்கோடு சேர்ந்து சுமார் 52 வாட் இழுக்கும். 20 வாட் எல்இடி மாட்டினால் விளக்குக்கு 32 வாட் மிச்சம். 150 விளக்கு, இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 19,000 யூனிட்டுக்குச் சற்று மேல். கணக்குக்காக யூனிட் 8 ரூபாய், விளக்கு மாட்டுக்கூலியோடு 2,500 ரூபாய் என்று வைத்தால், 3.75 லட்சம் முதலீடு இரண்டரை ஆண்டில் திரும்புகிறது. டைமர் இல்லாமல் பகல் எட்டு மணி வரை எரியும் விளக்கு இந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மலிவு எல்இடியில் முதலில் சாவது விளக்கல்ல, உள்ளே இருந்து அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சிறு கருவி. மின்னலும் நியூட்ரல் கோளாறும் அதைத்தான் அடிக்கும். அதனால் மின்எழுச்சிப் பாதுகாப்பு, மழை புகாத ஐபி66 உறை, எழுத்தில் உத்தரவாதம், மூன்றும் டெண்டரில் இருக்கட்டும்.

இனி பணம்.

[திரையில்: நிதிக்குழு மானியம், 60 : 40.]

முதலில் பார்க்க வேண்டியது நிதிக்குழு மானியம், அதாவது ஒன்றிய அரசின் வரிப்பணத்தில் உள்ளாட்சிகளுக்கு நிதிக்குழு பரிந்துரைக்கும் பங்கு. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்தில் நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது 2,36,805 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் குறித்த வேலைகளுக்கே: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கேற்ப. அந்தப் பிரிவுகளின்படி பழைய குடிநீர் மோட்டாரை மாற்றுவதை "மின் சிக்கனம்" என்று எழுதாமல் குடிநீர்த் தலைப்பில் எழுதினால் பொருந்தும். தெருவிளக்கு 40 சதவீதத்தில் வரும். சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத் தொட முடியாது. 2026 ஏப்ரலிலிருந்து 16-ஆவது நிதிக்குழுவின் காலம் என்பதால் புதிய நிபந்தனைகளை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கே மதிப்பீட்டோடு போய்விடுங்கள். தணிக்கைக் கணக்கு இணையத்தில் ஏறாவிட்டால் தவணை நிற்கும்.

இரண்டாவது வழி, முதலீடு இல்லாமல் மிச்சத்திலிருந்து கட்டுவது. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் இந்த முறையில்தான் நடந்தது. ஒன்றிய அரசின் மின்துறையின் கீழுள்ள இஇஎஸ்எல் நிறுவனம் தன் செலவில் விளக்கு மாட்டி, ஏழு ஆண்டு தவணையில் வசூலிக்கும். 1.3 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இப்படி மாறின. சிக்கலும் இங்கேதான் வந்தது. பல மாநிலங்களில் தவணை பாக்கி குவிந்தது. ஏற்கெனவே மின்வாரியத்துக்குப் பாக்கி வைத்திருக்கும் உள்ளாட்சியில், பில் குறைந்தால் கையில் காசு மிஞ்சாது. பாக்கி வளரும் வேகம்தான் குறையும். அந்தக் காசை நம்பித் தவணை ஒப்புக்கொள்வது ஆபத்து.

தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. மின்கட்டணம் போவது, அதற்கெனத் தனியே வைத்திருக்கும் இரண்டாம் எண் வங்கிக் கணக்கிலிருந்து. மிச்சமும் அங்கேதான் நிற்கும். தவணையை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று தீர்மானத்திலேயே எழுதி, ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரின் அனுமதியை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

[திரையில்: ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு, மேலே சோலார் தகடுகள்.]

மூன்றாவது, 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வீடுகளுக்கு மட்டும். ஊராட்சி அலுவலகக் கூரைக்கு அது கிடையாது. பலர் இதில்தான் தவறுகிறார்கள். ஆனால் தன் எல்லையில் மாட்டப்படும் ஒவ்வொரு வீட்டுச் சோலாருக்கும் உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. 200 வீட்டை ஊக்கப்படுத்தினால் 2 லட்சம். மாதிரி சூரிய கிராமப் போட்டியில் மாவட்டத்துக்கு ஒரு ஊர் வெல்லும், பரிசு 1 கோடி. பொதுவாக 5,000-க்கு மேல் மக்கள்தொகை வேண்டும். போட்டிக்காலம் ஆறு மாதம்.

பெரிய மாநகராட்சிக்கு, முதலீட்டாளர்களிடம் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் வழியும் உண்டு. நர்மதைத் தண்ணீரை ஏற்றும் இந்தூர் மாநகராட்சி, 60 மெகாவாட் சோலார் நிலையத்துக்காக 2023 பிப்ரவரியில் 244 கோடிக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. வட்டி 8.25 சதவீதம். சிறிய ஊருக்கு இது எட்டாது, அதனால் நீட்டவில்லை.

[திரையில்: மோட்டார் அறைக்கூரையில் சோலார். கடிகாரம் 11 மணி.]

சோலாரே வைப்பதாக இருந்தால் மோட்டாரைச் சரிசெய்த பிறகு வையுங்கள். 1 கிலோவாட், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். சுமார் 100 சதுர அடி நிழலில்லா இடம் வேண்டும். தமிழ்நாட்டில் வீடல்லாத இணைப்புகளில், நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு நீங்கள் மின்வாரியத்திடம் வாங்கும் விலை கிடைக்காது, குறைந்த விலைதான். ஆகவே உற்பத்தியை அந்த நேரத்திலேயே செலவழிப்பதுதான் லாபம். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் போடும் ஆபரேட்டரிடம், பகல் பத்து முதல் மூன்றுக்குள் தொட்டியை நிரப்பி, மறுநாள் காலை திறந்துவிடச் சொல்லுங்கள். தொட்டி ஒரு நாள் தேவையைத் தாங்குமா என்று முன்பே பாருங்கள். கரண்ட் போனால், மின்வாரியக் கம்பியோடு இணைந்த இந்த சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்பவர் உயிர் போகக்கூடாது என்பதற்காக தகட்டின் மின்சாரத்தைக் கம்பிக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். மின்தடையிலும் தண்ணீர் வரும் என்று கிராம சபையில் வாக்குக் கொடுக்காதீர்கள். தகடு துடைக்க, மாதம் இருமுறை மீட்டர் எண்ணைப் பதிவேட்டில் எழுத, ஒரு ஆளின் பெயரும் கூலியும் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.