யாருடைய அறியாமையில் கதை நிற்கிறது?

நடுவர் அவர்களே, பஹாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இம்மண்டபத்திற்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். சூரிய கிரகணத்தைத் திருப்புமுனையாக வைப்பது கதைக்கு வலிமையா, குறையா என்னும் இவ்வழக்கில், குறையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சயத்திரதன் கதையைச் சொல்லிக் கைதட்டல் பெற்றார். பொழுது சாய்வதற்குள் அவனைக் கொல்லாவிட்டால் தீப்புகுவேன் என்று அருச்சுனன் சூளுரைத்தபின், கதை முழுவதும் கதிரவனையே நம்பி நிற்கிறது. ஆகவே கண்ணன் தன் ஆழியால் அதனை மறைக்கும்போது, அந்த இருள் கதைக்குள்ளிருந்தே பிறக்கிறது. அது கிரகணமும் அன்று. நான் குறை சொல்வது, பிடிபட்ட நாயகன் தனக்கு மட்டும் தெரிந்த நாளைக் கணக்கிட்டு, சூரியனை அணைத்துவிடுவேன் என்று மிரட்ட, சுற்றியிருப்போர் நடுங்கி அவன் காலில் விழும் கதைகளை.

இதற்கு முன்மாதிரி வரலாற்றில் இருக்கிறது. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் கொலம்பஸ், சந்திர கிரகணத்தைக் காட்டி அச்சுறுத்தி அத்தீவு மக்களிடம் உணவு பெற்றார். ரைடர் ஹாகார்ட் 1885இல் வெளியிட்ட 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' நாவலின் முதல் பதிப்பில் சூரிய கிரகணத்தை வைத்து, பின்வந்த பதிப்புகளில் அதைச் சந்திர கிரகணமாக மாற்றினார். மார்க் ட்வைன் 1889இல் எழுதிய நாவலிலோ, 528 ஜூன் 21 அன்று சூரியன் மறைந்து நாயகனைத் தீயிலிருந்து காக்கிறது. உண்மையில் அந்நாளில் கிரகணமே இல்லை. முழு மறைப்பு ஓரிடத்தில் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது, அதுவும் அமாவாசையன்றே நிகழும் என்பதால், கதாசிரியரின் வசதிக்கு வானம் வளைவதில்லை.

கணக்குப் பிழையை மன்னிக்கலாம். அக்கதைகள் மற்ற மனிதரை வானமே பார்க்காதவராகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்நூல்கள் அச்சேறிய அதே காலத்தில்தான் நம் முன்னோர் மலாயாவின் காப்பி, கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஒன்றும் அறியாத கூலிகள் என்று துரைமார் எண்ணிய அந்த மக்களின் மரபில், கிரகணம் பிடிப்பதும் விடுவதும் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தன. கோயில் நடை சாத்தவும், கிரகணம் விட்டபின் தலைமுழுகவும் நேரம் தெரிந்திருந்தது. அவர்களிடம் ஒரு துரை அப்படி மிரட்டியிருந்தால், இருள் எப்போது விலகும் என்பதை அவனுக்கே சொல்லியிருப்பார்கள்.

குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மோந்தெரோசோ 'கிரகணம்' என்ற சிறுகதையில் இதைத்தான் உடைத்தார். பலியிடப்படவிருந்த ஸ்பானியத் துறவி, சூரியனை இருளச் செய்வேன் என்று மாயா மக்களை மிரட்டுகிறார். சற்று நேரத்தில் பலிக்கல்லில் அவர் குருதி வழிகிறது. மாயா வானியலாளர்கள் கணித்துவைத்த கிரகண நாள்களை அம்மக்களில் ஒருவர் பதற்றமின்றி ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறார். அக்கதையைத் தங்கள் பக்கத்துச் சான்றாக எதிரணியினர் எடுக்கக்கூடும். அங்கே கிரகணம் யாரையும் காப்பாற்றவில்லை என்பதை நடுவர் கவனிக்க வேண்டுகிறேன்.

அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி: கிரகணத்தால் நாயகன் தப்பும் கதைகளுள், அஞ்சி நடுங்கும் அந்த மக்களுக்கும் நாயகனுக்கு நிகரான அறிவைக் கொடுத்த கதை ஒன்றைக் காட்ட முடியுமா?