நொய்யலில் கரைந்த உப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

சாயப்பட்டறைக் கழிவுநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சாயம் திரண்டு அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். அதை நாக்கில் வைத்தால் (வைத்துவிடாதீர்கள், பேச்சுக்குச் சொல்கிறேன்) உப்புக் கரிக்கும். நொய்யல் கெட்ட கதை இதுதான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு அது. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பில்லாமல் முடியாது. பருத்தியில் சாயம் பிடிக்க, சாதா உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். துணியில் சாயம் ஏறும், உப்பு ஏறாது. போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

1990-களில் பட்டறைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை சும்மா இருக்கவில்லை. நிறத்தை எடுத்தன, கசடை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கும் வசதி மட்டும் அவற்றில் இல்லை. பாசனத்துக்கென்று திருப்பூருக்குக் கீழே ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்தே மூடச் சொன்னது. அந்தச் 'சேர்த்தே' என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நிலையம் ஒன்று இருக்கிறதே என்பது அங்கே சமாதானமாக எடுபடவில்லை.

அப்புறம் வந்தது ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஆற்றுக்கு ஒரு சொட்டும் விடாத முறை. முதலில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பிறகு ஆர்.ஓ. சவ்வில் அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கமும் உப்புநீர் மறு பக்கமும் பிரியும். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பிப் போகும். உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கி, கிடைக்கும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே போடுகிறார்கள். இதற்கு ஆகிற எரிபொருளும் மின்சாரமும் கொஞ்சமல்ல. சரி, அதோடு முடிந்ததா என்றால், எதற்கும் உதவாத கலப்பு உப்பு கொஞ்சம் மிஞ்சுகிறது. அதை ஆற்றில் கொட்ட முடியாது. வெட்டவெளியில் போட்டாலோ, ஒரு மழைக்கே கரைந்து பக்கத்துக் கிணற்றில் இறங்கிவிடும். அதனால் கூரைக்கு அடியில் மூட்டை கட்டி அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.