பிரீமியம் பூஜ்யம், பிறகு?

நேயர்களுக்கு வணக்கம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அமெரிக்காவில் மெடிகேர், அதாவது பெரும்பாலும் 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், திட்டம் மாற்றிக்கொள்ளும் காலம். பிரீமியம் பூஜ்யம், பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசில்லை என்று டிவியில் விளம்பரம் ஓயாது. அரசு நேரடியாகத் தரும் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் இவை. பூஜ்யம் என்பது பொய்யல்ல. ஆனால் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-க்கு அரசுக்குக் கட்டும் பிரீமியம் நிற்காது. 2026-ல் பெரும்பாலோருக்கு அது மாதம் 202.90 டாலர்.

பல், கண்ணாடியைக் கடைசியில் பாருங்கள். முதலில் உங்கள் டாக்டர். ஒரே கம்பெனி ஒரே கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பல திட்டங்கள் விற்கும். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் பட்டியல் வேறாக இருக்கலாம். கம்பெனி பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கிளினிக்கில் "எடுத்துக்கொள்வோம்" என்றுதான் சொல்வார்கள். திட்டத்தின் முழுப் பெயரையும் எண்ணையும் சொல்லி, பில்லிங் பிரிவில் கேளுங்கள். ஹெச்எம்ஓ என்பது பட்டியல் டாக்டர்களிடமே போக வேண்டிய வகை; அதில் பட்டியலுக்கு வெளியே போனால், அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் பெரும்பாலும் முழுச் செலவும் உங்களுடையது. பிபிஓ என்ற வகையில் வெளியே போகலாம், கூடுதலாகக் கட்ட வேண்டும்.

அடுத்தது மாத்திரை. மெடிகேர் டாட் கவ் தளத்தில் ஒவ்வொரு மருந்தையும் எத்தனை மில்லிகிராம், மாதம் எத்தனை என்று பதியுங்கள். வருடச் செலவை அதுவே கூட்டிக் காட்டும். மருந்து வாங்குமுன் திட்டத்தின் அனுமதி வேண்டுமா என்றும் பாருங்கள். திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2026-ல் உங்கள் கைச்செலவு 2,100 டாலரைத் தாண்டாது. பட்டியலில் இல்லாத மருந்து இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாவது, சிகிச்சைக்கு ஒரு வருடத்தில் உங்கள் கையிலிருந்து போகும் செலவுக்கான உச்சவரம்பு. பட்டியல் டாக்டர்களிடம் 2026-ல் சட்டம் அனுமதிப்பது 9,250 டாலர் வரை. பல திட்டங்கள் இதற்குக் கீழே வைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக் கட்டணத்தையும் பெருக்கிப் பாருங்கள்: முதல் ஆறு நாளைக்கு தினம் 350 டாலர் என்றால், ஒரு முறை படுத்து எழுந்தால் 2,100. பூஜ்யம் எங்கே போயிற்று?

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் நம் பெரியவர்களுக்கு ஒன்று. திட்டத்தின் சேவைப் பகுதியை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பெரும்பாலான திட்டங்களிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். சென்னையிலோ மதுரையிலோ அவசர சிகிச்சைக்குச் சில திட்டங்கள் பணம் தரும், எல்லாம் அல்ல. டிக்கெட் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதை விற்கும் ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார். 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் மெடிகேப் பாலிசியை (அரசு மெடிகேர் கட்டாமல் விடும் செலவுகளை ஏற்கும் தனியார் பாலிசி), சர்க்கரையோ இதய நோயோ இருந்தாலும், மறுக்காமல் தர வேண்டும். அட்வான்டேஜில் முதன்முறை சேர்ந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் அரசு மெடிகேருக்கும் மெடிகேப்புக்கும் திரும்பி வர வழியுண்டு. அதற்குப் பிறகு, நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் நீங்கலாக, உடல்நிலையைக் கேட்டு மெடிகேப் தர மறுக்கலாம். அதனால் முதல் முறை தேர்ந்தெடுக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். சேர்ந்த திட்டம் சரிப்படவில்லை என்றால் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் ஒரே ஒரு தடவை மாற்றலாம்.

கமிஷன் இல்லாத ஆலோசனை வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச சேவை இருக்கிறது. 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் உங்கள் மாநிலத்தின் ஷிப் எண்ணைக் கேளுங்கள்; மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் சொல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கூப்பிடும்போது மெடிகேர் அட்டையும் மாத்திரை டப்பாக்களும் பக்கத்தில் இருக்கட்டும்.