அந்த முதலிடத்தை யார் கொடுத்தது?

(தருமபுரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் இழுத்துப் பேசிய இடங்களை மட்டும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் டீ கிளாஸோடு பின்னால் நிற்கிற தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"இவர் இங்கிலீஷ் பாட்டைப் பற்றிப் பேசப்போகிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித்தான் தலைவர் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். சிறந்த இண்டி ராக் ஆல்பம் எது என்று பத்திரிகைகள் போடுகிற பட்டியல்களைப் பற்றித்தான் பேச்சு. இண்டி என்றால், பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராமல் வெளியிடுவது. சரி, உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் தமிழ்ப் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2002-இல் பிபிசி உலக சேவைக்கு 70 வயது. அதை ஒட்டி, உலகத்திலேயே சிறந்த பாடல் எது என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். நான்காம் இடத்தில் வந்தது நம் 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாம் இடத்தில் திருமலைச் சந்திரனின் 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாம் இடத்தில்தான் நின்றது. கைதட்டுகிற இளையராஜா ரசிகர்கள் தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். ஆனால் முதல் மூன்று இடத்தையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். முதலிடம், அயர்லாந்தின் வுல்ஃப் டோன்ஸ் குழு பாடிய தேசப் பாட்டு. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'.

வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது இல்லையா, யார் யார் கூடி ஓட்டுப் போட்டார்கள் என்று? பாட்டின் தரத்தைப் பற்றி அந்தப் பட்டியல் என்ன சொல்கிறது என்பது விவாதத்துக்குரியது. ஓட்டுப் போட்டவர்களைப் பற்றி அது சொல்வதில் விவாதமே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு இண்டி ராக்குக்கு வருவோம்.

சிறந்த இண்டி ராக் ஆல்பம் எது என்ற சண்டையில் பாதி, எந்த ஆல்பத்தை உள்ளே விடுவது என்று வாசலிலேயே நடக்கிற சண்டை. 1977 ஜனவரியில் மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்ற குழு, 500 பவுண்டு கடன் வாங்கி, சொந்த லேபிளில், அதாவது சொந்த வெளியீட்டுக் கம்பெனியில், 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று 4 பாட்டுப் போட்ட ஒரு இசைத்தட்டை வெளியிட்டது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக்கில், அதாவது எத்தனையாவது முறை பாடியபோது, எடுத்தது என்பதைக்கூட உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். 'இவ்வளவுதான் விஷயம், நீயும் செய்யலாம்' என்று வாங்கியவனுக்குச் சொன்ன மாதிரி. பலர் செய்தார்கள். 1980-இல் பிரிட்டனில் இண்டி தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது. அதில் இடம்பெற ஒரே விதிதான்: பெரிய கம்பெனிகளின் வலைப்பின்னல் வழியாகக் கடைக்குப் போயிருக்கக் கூடாது. பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. விளைவு என்ன தெரியுமா? 80-களின் கடைசியில் கைலி மினோக் என்ற பாப் பாடகியின் டான்ஸ் பாட்டுகள் இண்டி பட்டியலில் ஏறி உட்கார்ந்தன. அவருடைய கம்பெனி தனி விநியோகஸ்தர் மூலம் தட்டு விற்றது, அவ்வளவுதான்! கிடாரைத் தூக்கிக்கொண்டு திரிந்த பையன்களுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஸ்ட்ரோக்ஸ் குழுவின் 'இஸ் திஸ் இட்', 2001-இல் வந்தது. பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்று பிரிட்டனின் என்எம்ஈ இசைப் பத்திரிகை 2009-இல் அதைத் தேர்ந்தெடுத்தது. எந்த இண்டி பட்டியலைப் புரட்டினாலும் அது இருக்கும். ஆனால் அமெரிக்காவில் அதை வெளியிட்டது ஆர்சிஏ, பழம்பெரும் கம்பெனி. ரேடியோஹெட் என்ற குழுவின் கதை இன்னும் சிக்கல். அவர்களுடைய 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் ஈஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனியின் குடும்பத்துச் சரக்கு. அதே ஆட்கள் 2007-இல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை, விருப்பமான விலை கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாங்களே வெளியிட்டார்கள். அப்படியானால் முதலாவது இண்டி இல்லை, இரண்டாவது இண்டியா? கேட்கிற காதுக்கு அப்படி ஒரு வித்தியாசமும் தெரியாது.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோ பில்லை யார் கட்டினார்கள் என்று பார்ப்பேன். கட்டியவர் சொல்லுக்குப் பாட்டு வளைந்ததா என்று அடுத்துப் பார்ப்பேன். இதில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை இல்லாத அளவுகோல் வைத்திருப்பவர் மேடைக்கு வரலாம்.

அப்புறம் எண்ணுகிற விதம். இது யாரும் கவனிக்காத சங்கதி. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை விமர்சகர்களிடம் ஆண்டுதோறும் ஓட்டு வாங்கியது. ஒவ்வொருவர் கையிலும் 100 புள்ளி. 10 ஆல்பத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு 30-க்கு மேல் கூடாது, 5-க்குக் கீழும் கூடாது. ஒரு ஆல்பத்தின் மேல் பைத்தியமாக இருக்கிற ஆறு பேர் ஆளுக்கு 30 கொடுத்தால் 180. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிற முப்பது பேர் ஆளுக்கு 7 கொடுத்தால் 210. பரவாயில்லை கட்சி ஜெயித்துவிட்டது. யாருக்கும் முதல் காதலாக இல்லாத ஆல்பங்கள் பல பட்டியல்களில் உச்சியில் இருக்கக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

சரி, புள்ளியே வேண்டாம், இரண்டிரண்டாக மோதவிடலாம் என்கிறீர்களா? மூன்று நண்பர்கள், மூன்று ஆல்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மித்ஸின் 'தி க்வீன் இஸ் டெட்', பிக்ஸிஸின் 'டூலிட்டில்', மை ப்ளடி வேலன்டைனின் 'லவ்லெஸ்'. முதல் ஆள் நான் சொன்ன இதே வரிசையில் போடுகிறார். இரண்டாமவர் பிக்ஸிஸ், லவ்லெஸ், ஸ்மித்ஸ் என்கிறார். மூன்றாமவர் லவ்லெஸ், ஸ்மித்ஸ், பிக்ஸிஸ் என்கிறார். இப்போது எண்ணுங்கள். ஸ்மித்ஸ் பிக்ஸிஸை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயிக்கிறது. பிக்ஸிஸ் லவ்லெஸை அதே கணக்கில் ஜெயிக்கிறது. அப்படியானால் ஸ்மித்ஸ் லவ்லெஸை ஜெயிக்க வேண்டும் அல்லவா? இல்லை, லவ்லெஸ்தான் இரண்டுக்கு ஒன்று ஜெயிக்கிறது. சுற்றிச் சுற்றி வரும், முடிவே வராது. மூன்று பேருமே தெளிவாகத்தான் இருக்கிறார்கள், கூட்டினால்தான் குழப்பம். கோந்தோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-இலேயே எழுதி வைத்த விஷயம் இது. அவருக்கு எலெக்ட்ரிக் கிடாரே தெரியாது.

காலம் மாறினாலும் வரிசை மாறும். பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழ் 2002-இல் 80-களின் சிறந்த 100 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் சோனிக் யூத்தின் 'டேட்ரீம் நேஷன்'. அதே இதழ் 2018-இல் மறுபடி வரிசைப்படுத்தியது. முதலிடம் பிரின்ஸின் 'பர்பிள் ரெய்ன்'. நடுவில் 80-களில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை! எழுதுகிறவர்கள் மாறினார்கள், அவர்கள் கேட்டு வளர்ந்த பாட்டு மாறியது. நியூட்ரல் மில்க் ஹோட்டலின் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' 1998-இல் வந்தபோது அதே இதழ் 8.7 மதிப்பெண் போட்டது. 2005-இல் மறுவெளியீடு வந்தபோது 10.0. விடைத்தாள் அதேதான், திருத்துகிறவர் வேறு.

இங்கேதான் சிலர் எழுந்து, "எல்லாம் அவரவர் ரசனை, விடுங்கள் சார்" என்பார்கள். எனக்குப் பிடிக்காத வாக்கியம் அது. பேச்சை முடித்துவைக்கத்தான் அது உதவும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போய் எது சிறந்த மாம்பழம் என்று பொதுவாகக் கேட்டால் சண்டைதான் வரும். கடித்துச் சாப்பிட என்று கேட்டால் செந்தூராவோ அல்போன்சாவோ என்பார்கள், கூழ் ஆலைக்கு என்று கேட்டால் பெங்களூராதான் என்பார்கள். 1967-இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு நிக்கோவோடு சேர்ந்து போட்ட ஆல்பம் பெங்களூரா ஜாதி. வந்த காலத்தில் சீந்துவாரில்லை, பின்னால் வந்த எத்தனையோ குழுக்களின் பாட்டில் அதன் சாறு இருக்கிறது. எதற்காகச் சிறந்தது என்று கேட்டுவிட்டால் ரசனையைத் தாண்டிப் பேச இடம் கிடைத்துவிடும்.

இந்த மாதிரி ஒப்பீட்டை நம் தகடூருக்காக, அதாவது இந்தத் தருமபுரிக்காக, செய்து காட்டியவர் ஔவையார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தகடூர் மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயில் பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பைத் திருத்தி, நெய் பூசிக் காவலுக்குள் வைத்த வேல்கள். ஔவையார் பார்த்துவிட்டு, ஆகா, இவை அழகாக இருக்கின்றன என்கிறார். எங்கள் அதியமானுடையவையோ, பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வேலுக்கு எது அளவுகோல் என்பதை ஒரே மூச்சில் மாற்றிவிட்டார்.

ஒன்றை மறக்காதீர்கள், ஔவையார் நடுநிலையான நடுவர் இல்லை. அதியமானின் ஆள். பின்னால் நடந்த போரில் தகடூரை வென்றவன் சேரன், 'தகடூர் எறிந்த' என்று பட்டமே போட்டுக்கொண்டான். ஆனாலும் அந்தப் பாட்டை இன்றைக்கும் ரசிக்கிறோம், ஏனென்றால் அதில் தீர்ப்போடு காரணமும் சேர்ந்தே இருக்கிறது. பட்டிமன்றத்தில் நடுவரின் தீர்ப்பை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவோம், நல்ல பேச்சாளர் எடுத்துவைத்த ஒரு வாதம் வருஷக்கணக்கில் நிற்கும். பட்டியல் போடுகிற பத்திரிகைகள் இந்த வாதத்தைத்தான் இரண்டு வரியில் முடித்துக்கொள்கின்றன.

நானும் என் முதலிடத்தைச் சொல்லிக் காரணம் சொல்கிறேன். மினிட்மென் என்ற குழுவின் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்', 1984. கலிபோர்னியாவில் சான் பெட்ரோ என்ற துறைமுக ஊர்க்காரர்கள் மூன்று பேர். டி. பூன் கிடார், மைக் வாட் பேஸ், ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸ். எஸ்எஸ்டி என்ற அவர்கள் லேபிளில் ஹஸ்கர் டூ என்ற இன்னொரு குழு இரட்டை ஆல்பம் (இரண்டு தட்டு, நான்கு பக்கம்) போடுவது தெரிந்ததும், நாமும் போடுவோம் என்று உட்கார்ந்து கூடுதலாகப் பாட்டு எழுதினார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள், முக்கால்வாசி இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. செலவு சுமார் 1,100 டாலர். 'லவ்லெஸ்' பதிவுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு ஆனது என்று அதன் லேபிள் சொல்லும், அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் மறுப்பார். இரண்டில் எதை நம்பினாலும், எது பீலி சூட்டிய வேல், எது பட்டறையில் கிடந்த வேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'லவ்லெஸ்' அழகில்லை என்று நான் சொல்லவில்லை. ஔவையாரும் அப்படிச் சொல்லவில்லை.

உறையைப் பாருங்கள். பின் சீட்டிலிருந்து எடுத்த படம். மைக் வாட் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஓட்டுகிறார், கண்ணாடியில் அவர் கண்கள், ஸ்பீடாமீட்டர் முள் சரியாக 55-இல், எதிரே சான் பெட்ரோ போகும் வழிப்பலகை. அன்றைக்கு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு 55 மைல். 55-இல் ஓட்ட என்னால் முடியாது என்று சாமி ஹேகர் என்ற ராக் பாடகர் வீரமாகப் பாடிய சமயம். இவர்கள், 'காரை நாங்கள் 55-இலேயே ஓட்டுகிறோம், துணிச்சலைப் பாட்டில் காட்டுகிறோம்' என்று அவருக்குப் பதில் சொன்னார்கள். நம் தொப்பூர் கணவாயில் லாரியோடு இறங்கியவர்களுக்கு இந்த நகைச்சுவை அமெரிக்கர்களைவிட நன்றாகப் புரியும்.

இன்னொரு விஷயத்துக்காகவும் இந்த ஆல்பத்தை இன்றைக்குத் தேர்ந்தெடுத்தேன். தங்கள் பாட்டுகளையே இவர்கள் தரவரிசைப்படுத்தினார்கள். நான்கு பக்கங்களில் ஆளுக்கு ஒரு பக்கம், முறை வைத்துத் தங்களுக்குப் பிடித்த பாட்டை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியதையெல்லாம் நான்காம் பக்கத்தில் போட்டு, 'பதர்' என்று பெயரும் வைத்தார்கள். 'லிட்டில் மேன் வித் எ கன் இன் ஹிஸ் ஹேண்ட்' பாட்டு கிடப்பது அந்தப் பதரில்தான். நான் அதிகம் கேட்டதும் அந்தப் பக்கத்தைத்தான். செய்தவர்களே போட்ட வரிசையும் என்னிடம் செல்லவில்லை, பாருங்கள்.

1985 டிசம்பரில் அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் டி. பூன் இறந்துபோனார். குழு அதோடு முடிந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பங்கள் வரிசையில் 2003-இல் 400-க்கும் அப்பால் கிடந்த ஆல்பம், 2020-இல் 300-க்குள் வந்துவிட்டது. இந்த வேகத்தில் முதலிடம் வர என் ஆயுள் போதாது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். கேள்விகளுக்கு வருகிறேன்.

தமிழில் இப்படி ஒரு இண்டி பட்டியல் போட முடியுமா என்று ஒரு தங்கை கேட்டார். போடலாம், வாசலில் சண்டை இன்னும் பெரிதாக வரும். நமக்கு ஆல்பம் என்றாலே சினிமா கேசட்தான், பில் கட்டுகிறவர் தயாரிப்பாளர். என் அளவுகோலில் இளையராஜாவே வெளியே நிற்க வேண்டியிருக்கும், அப்படிச் சொல்லிவிட்டு நான் இந்த மண்டபத்தை விட்டுப் பத்திரமாகப் போக முடியாது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என் பட்டியலில் மேலே வரும். கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தி, சாதியைப் பற்றி நேருக்கு நேர் பாடினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றது இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், ஆகவே அவர்கள் இண்டியே இல்லை என்று யாராவது மடக்கலாம். மடக்குங்கள், பதில் வைத்திருக்கிறேன். பாட்டு யாருக்கும் வளையவில்லை.

பின்னால் நிற்கிற தம்பி, நாற்பது பாட்டில் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். நான்காம் பக்கம், அந்தப் பதரிலிருந்தே ஆரம்பியுங்கள் தம்பி. பிடிக்காவிட்டால் கவலை வேண்டாம், உங்கள் டீ ஆறுவதற்குள் நான்கு பாட்டு ஓடிவிடும்.