லாப் சியோங்: அளவோடு சமைத்தால் அருமை

நேயர்களுக்கு வணக்கம். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது சிங்கப்பூர் சைனாடவுன் கடைகளில் இரண்டிரண்டாகக் கயிற்றில் தொங்கும் செந்நிறத் தொத்திறைச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் லாப் சியோங். தென்சீனத்துக் குவாங்டோங் மக்களின் பக்குவம்.

அவர்களுடைய சந்திர நாட்காட்டியின் 12-ஆம் மாதத்தில் குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்து வரும். இறைச்சியை உலர்த்த அதைவிடத் தோதான காலம் கிடையாது. பன்றிக்கறியையும் கொழுப்பையும் பொடியாக நறுக்கி, உப்பு, சர்க்கரை, சோயா சாஸ், ரோஜா மணமுள்ள மது சேர்த்து ஊறவைத்து, குடலில் அடைத்துக் காயவிடுவார்கள். இப்போது நைட்ரைட் உப்பும் சேர்க்கிறார்கள். சிவப்பு நிறம் நிற்பது அதனால்தான். உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் கிருமி வளராமல் தடுப்பதும் அதுவே.

காய்ந்து இறுகியிருந்தாலும் பொதுவாக இது வேகாத கறிதான். கட்டாயம் சமைக்க வேண்டும்.

மண்சட்டிச் சோறு செய்யும்போது கவனித்துப் பாருங்கள். அரிசி முக்கால் வேக்காட்டுக்கு வந்து தண்ணீர் சுண்டும் நேரத்தில் இதை மேலே அடுக்கி மூடுவார்கள். வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி போலாகி உருகிச் சோற்றுக்குள் இறங்கும். அடியில் பிடித்த மொறுமொறுப்பான காந்தலுக்குத்தான் வீட்டில் போட்டியே! முள்ளங்கிக் கேக், சார் குவே தியாவ் எனும் வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ், பொரித்த சோறு எல்லாவற்றிலும் இதே கதைதான்: நாலைந்து வில்லைகள் போதும், சட்டி முழுக்க மணக்கும்.

உடம்புக்கும் அந்த அளவுதான் நல்லது. புரதமும் பி12 வைட்டமினும் இதில் உண்டு. ஆனால் கொழுப்பும் உப்பும் அதைவிடத் தூக்கலாக நிற்கின்றன. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. பண்டிகைக்கு ஒருநாள் சாப்பிடுபவர் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை; தினமும் காலையில் முட்டையோடு பொரித்துச் சாப்பிடுபவர்தான் யோசிக்க வேண்டும்.

சமைக்கும்போது வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்தால் மேலே படிந்த கொழுப்பும் உப்பும் கொஞ்சம் போகும். அப்புறம் தனியாக எண்ணெய் வேண்டாம். சோயா சாஸையும் பாதியாகக் குறையுங்கள். கூடவே ஒரு கட்டுக் கைலான் கீரையை வதக்கி வையுங்கள். கோழிக்கறியில் செய்ததும் கிடைக்கிறது. ஆனால் அதில் உப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பொட்டலத்தில் சோடியம் அளவைப் பார்த்தே வாங்குங்கள்.