அலமாரிச் சாவியும் வாடைக்காற்றும்

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், தேசிய நூலக வாரத்தையொட்டி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே இராமநாதபுரத்திலிருந்து வந்து வீற்றிருக்கும் நூலகத் துறை அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, ஒரே வரிசையில் அருகருகே அமர்ந்து இந்த ஊரின் இயல்பை எனக்குக் காட்டிக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, கோயில் நிர்வாகக் குழுப் பெரியவர் அவர்களே, மீன் ஏலம் முடிந்த கையோடு இந்த ஏலக்கூடத்தைக் கழுவித் துடைத்து எங்களுக்கு அளித்த மீனவர் சங்க நிர்வாகிகளே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்து என் உரை எப்போது முடியும், இனிப்பு எப்போது வரும் என்று பொறுமையோடு காத்திருக்கும் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவருக்குத் தனியாக நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கதைப் புத்தகம் கொடுங்கள் என்று நான் பதினைந்து ஆண்டுகளாக மேடைதோறும் வேண்டிக்கொண்டு வருகிறேன். பொன்னாடைதான் வருகிறது. ஆயினும் இந்தப் பொன்னாடைக்கு ஒரு பயன் உண்டு என்பதைச் சற்று நேரத்தில் சொல்வேன்.

குழந்தை இலக்கியத்தை வகுப்பறையிலும் வெளிப்பயணத்திலும் உயிர்பெறச் செய்வது எப்படி என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. நான்கு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். வகுப்பறைக்குள் கதையை நடத்திக் காட்டுவது ஒன்று. கதையோடு ஓர் இடத்துக்குப் போய் வருவது இரண்டு. வாசித்ததை மதிப்பெண் இல்லாமல் அளப்பது மூன்று. பெற்றோரின் பங்கு நான்கு. இவற்றுக்கு நடுவே ஒரு பழமொழியையும் அடிக்கடி சொல்வேன். என்னோடு பணியாற்றியவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், அவர்கள் மன்னிக்க வேண்டும். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு. புதிய கட்டடம் வரட்டும், பயிற்சி வரட்டும், அரசாணை வரட்டும், அதன்பின் கதை சொல்லலாம் என்று காத்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் அந்தக் கொக்கின் சாயலை நான் பார்த்திருக்கிறேன். என்னிடமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் வகுப்பறை. இதற்குப் பணம் தேவையில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட நம் சங்கப் பாடல்களில், அகநானூற்றின் 70ஆம் பாட்டில், இந்தக் கடற்கரையின் கதை ஒன்று இருக்கிறது. பாண்டியருடைய கோடி என்னும் துறையில், விழுதுகள் பல தொங்கும் ஓர் ஆலமரத்தடியில் இராமன் தன் துணைவரோடு மறைபொருளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மரத்திலிருந்த பறவைகள் பேரொலி எழுப்பியதாகவும், அவன் அவற்றின் ஒலியை அடங்கச் செய்ததாகவும் அப்பாட்டு ஓர் உவமையாகக் கூறுகிறது. அந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்று அறிஞர்கள் கொள்வர். பாட்டின் சொற்கள் நான்காம் வகுப்புக் குழந்தைக்குக் கடினம், நிகழ்ச்சி கடினமன்று. நாற்பது குழந்தைகளையும் நாற்பது பறவைகளாக்கினேன். ஒருவன் உள்ளான், ஒருத்தி ஆலா, இருவர் நாரை, மீதிப் பேர் காகம் (காகத்துக்குத்தான் போட்டி அதிகம்). பக்கத்து வகுப்பு ஆசிரியர் சண்டைக்கு வரும் அளவுக்குக் கத்தவிட்டேன். பின்பு இராமனாக நின்ற சிறுவன் கையை உயர்த்தியதும் ஒலி அடங்கியது. அந்த அமைதியில், நாள்தோறும் எங்கள் சன்னலுக்கு வெளியே இருந்தும் எங்களில் எவருக்கும் கேட்காத கடலின் இரைச்சல் கேட்டது. குழந்தைகள் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பின் நான் பொருள் விளக்கம் சொல்லவில்லை.

பனையோலையில் கதைமாந்தரைச் செய்வது, கதையில் வரும் பொருள்களை ஒரு துணிப்பையில் இட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கதையை ஊகிக்கச் சொல்வது, கதைமாந்தருக்குக் கடிதம் எழுதுவது ஆகியவற்றை நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி வெளிப்பயணம். இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நான் கமுதிப் பக்கத்துக்காரன். கருவேல மரமும் கண்மாயும்தான் நான் வளர்ந்த உலகம். மண்டபத்துக்கு அருகே வடகடலை, அதாவது பாக் நீரிணைப் பக்கத்துக் கடலை, ஒட்டிய ஒரு பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஐந்தாம் வகுப்பில் ஒரு கதையை உரக்க வாசித்தேன். ஒரு சிறுவன் படகில் போகிறான், காற்று அவனை அடித்துக்கொண்டு போய் யாருமில்லாத் தீவில் சேர்க்கிறது, அவன் தாய் கரையில் நின்று அழுகிறாள். வாசித்து முடித்து, அந்தக் காற்றை வரையுங்கள் என்றேன். எல்லோரும் சுழி சுழியாக வரைந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தான். ஏன் வரையவில்லை என்று கேட்டேன். “எந்தக் காத்துன்னு கதையில போடலையே சார்” என்றான். காற்று என்றால் காற்றுதான், அதில் என்ன எந்தக் காற்று என்றேன். வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கியது. அவன் எழுந்து நின்று விரல் விட்டு எண்ணினான்: வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், தெற்கேயிருந்து வந்தால் சோழகம், மேற்கேயிருந்து வந்தால் கச்சான். “எதுன்னு தெரியாம எப்படி சார் வரையிறது?”

அடுத்த சனிக்கிழமை வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போனேன். அந்தச் சிறுவனுடைய தாத்தா பூவரசு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கதையை அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். அவர் ஊசியை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, “வாத்தியாரே, அந்தப் பய எந்த மாசம் போனான்?” என்றார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். மாதம் இல்லை. “மாசமும் இல்ல, காத்தும் இல்ல, அப்பறம் எப்படி அவன் கடலுக்குப் போனான்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பெரியவர் மணலில் நான்கு திசைகளையும் கோடிட்டுக் கொடுத்தார். கதையை அங்கேயே நடித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. படகுக்குப் பாய் வேண்டுமே. என் தோள் துண்டு போதவில்லை. குழந்தைகளின் பார்வை என் வேட்டியின்மேல் விழுந்தது. பெரியவர் தம் பழைய கைலி ஒன்றைக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினார். இன்று போர்த்திய இந்தப் பொன்னாடை அன்று இருந்திருந்தால் எவ்வளவு நல்ல பாயாக இருந்திருக்கும் என்று தலைவர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் வாடைக்காற்று. வடகடலில் வாடை அடித்தால் படகைக் கரைக்கே தள்ளும். ஆகவே அந்தச் சிறுவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து தாயிடம் அடி வாங்கினான், கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கச்சானில் பாம்பன் பக்கம் போனான். அங்கே ஒருவனுடைய மாமா வீடு இருந்தது, மாமா சோறு போட்டார், அத்தோடு அந்தக் கதையும் முடிந்தது. சோழகத்தில்தான் படகு கரையை விட்டு விலகி வடக்கே நடுக்கடலுக்குப் போயிற்று. கதையாசிரியர் எழுதாமல் விட்டது சோழகம் என்று குழந்தைகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

தாயாக நிற்க ஒரு சிறுமி வந்தாள். கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு தாயின் மகள்; அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. தாய் அழுதாள் என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான். இவள் அழவில்லை. ஒரு சிரட்டையில் மணலை நிரப்பினாள், பூவரசு இலை ஒன்றைப் பறித்து அதன்மேல் மூடினாள், காற்றுக்கு இலை பறக்காமல் ஒரு சிறு கிளிஞ்சலை எடுத்து வைத்தாள், அதைத் தனக்குப் பின்னால் ஓரமாக நகர்த்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னம்மா அது என்று கேட்டேன். “அவனுக்கு எடுத்து வச்சிருக்கேன் சார்” என்றாள். வலைக்காரப் பெரியவர் அப்போதுதான் ஊசியை நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அந்தச் சிறுமி என்னிடம் வந்து, அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். நான் சனிக்கிழமை மாலையே அதை அலமாரியில் திருப்பி வைத்திருந்தேன். சாவி பொறுப்பாளரிடம் இருந்தது. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்றார் அவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் என் கைப்பணத்தில் ஒரு படி வாங்கிக் கொடுத்திருக்கலாம், விலை அதிகமில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். கடல் வற்றட்டும் என்று காத்திருந்த கொக்கு நான். அவள் மூன்றாம் முறை கேட்கவில்லை.

பயணத்தைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். ஒரு கதை, ஓர் இடம், ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரே நாளில் ஆறு இடங்களைக் காட்டும் பயணத்தில் குழந்தைக்கு நினைவில் நிற்பது பேருந்தில் போட்ட சினிமாப் பாட்டு மட்டுமே. பாம்பனுக்குப் போவதானால் பாலத்தையே கதைமாந்தராக்குங்கள். 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் 72.5 மீட்டர் நீளமுள்ள தன் நடுப்பகுதியை லிஃப்ட் போல அப்படியே மேலே தூக்குகிறது. இரண்டும் இரவில் பேசிக்கொண்டால் என்ன பேசும் என்று எழுதச் சொன்னேன். பழைய பாலம் யாரைப் போலப் பேசும் என்று கேட்டதற்கு, “எங்க அப்பத்தா மாதிரி” என்று ஒரு பெண் உடனே சொன்னாள். கடல் உயிர்களைப் பற்றிய கதையானால் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கிறது. அலையாத்தி மரங்களைப் பற்றியதானால் தொண்டிப் பக்கம் காரங்காடு இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா என்பதால், அனுமதி பெறாமல் குழந்தைகளை அங்கே படகில் ஏற்றக் கூடாது. கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் பையில் போட விடக் கூடாது. மீன் பெயர்களை வேண்டுமானால் எவ்வளவும் அள்ளி வரலாம். இந்த ஏலக்கூடத்தில் அரைமணி நேரம் நின்றால் காரல், சூடை, நகரை, முரல், ஊளி, கிளாத்தி என்று ஒரு குழந்தையின் கையேடு நிறைந்துவிடும். நவம்பரில் வாடை தொடங்கிவிட்டால் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் போவதே நல்லது. இதையும் வலை பொத்தும் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள்.

மூன்றாவது செய்தியான மதிப்பீட்டுக்கு நேரமில்லை. தலைமையாசிரியர் அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன். ஆகவே எந்தக் காரணத்துக்காக இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டேனோ அதற்கு நேராக வருகிறேன். நான்காவது செய்தியும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

இவ்வளவு செயல்பாடுகளும் முடிந்தபின் குழந்தை கேட்பது அந்தப் புத்தகத்தை. அது பூட்டிய அலமாரியில் இருக்குமானால் நாம் நடத்தியது வேடிக்கை. சீர்காழியில் பிறந்து உலகுக்கே நூலகவியல் கற்பித்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. 1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. அந்தப் பத்துப் பைசாவைக் கட்டிய தகப்பனின் பிள்ளைக்குத்தான் நான் அடுத்த வாரம் என்றேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும். ஆண்டு முழுவதும் பிள்ளை விழித்திருக்கும்போது வீட்டில் காண முடியாத தகப்பன், அந்த 61 நாளும் மாலை வேளையில் வீட்டில் இருக்கிறான். பள்ளிக்கும் கோடை விடுமுறை. பிள்ளை வாசிக்க, தகப்பன் கேட்டு, “இது எந்தக் காத்து?” என்று கேட்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. சரியாக அந்த நாள்களில்தான் நாம் அலமாரியைப் பூட்டி, சாவியை உறையிலிட்டு ஒட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம்.

ஆகவே அலுவலர் அவர்களிடமும் தலைமையாசிரியர் அம்மையாரிடமும் மீனவர் சங்கத்தாரிடமும் என் வேண்டுகோள் இது: தடைக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் நூறு புத்தகங்கள் ஒரு மீன் பெட்டியில் இந்த ஏலக்கூடத்துக்கு வர வேண்டும். பதிவேட்டை ஏழாம் வகுப்பு மாணவர் இருவர் எழுதட்டும். பத்துப் புத்தகம் தொலைந்தால் அதற்குரிய தொகையைச் சங்கமும் ஊராட்சியும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களும் பங்கிட்டுக் கொள்வோம். எந்த ஆசிரியரும் தம் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். சங்கத் தலைவர் தலையசைக்கிறார். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.

ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, பொறுத்துப் பார்க்கலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். கொக்கைப் பற்றி நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. பள்ளி அலமாரி இங்கிருந்து நூறடி தூரத்தில்தான் இருக்கிறது, சாவி அம்மையாரின் கைப்பையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் இசைந்தால், இனிப்பு வழங்கும் வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசையைத் தொடங்கிவிடலாம். கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனாவும் நான் கொண்டு வந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.